பழைய வண்டியும் புதிய வாயுவும்

2009-ஆம் ஆண்டு மே மாதம். தாம்பரத்தை அடுத்த ஒரு பங்கில் நாம் உதவிப் பங்குத்தந்தையாகப் பணியாற்றிவந்த காலம் அது. கத்திரி வெயில் எரிக்கும் நண்பகலில் ஜி.எஸ்.டி. சாலையில் அகப்பட்டுக்கொண்டவர்களுக்கு அந்த வெம்மையை எடுத்துரைக்கத் தேவையில்லை. மேலே கதிரவன், கீழே இளகும் தார், முன்னும் பின்னும் புகை கக்கும் லாரிகள். இரும்புலியூரில் நின்ற வண்டி பெருங்களத்தூரை அடைவதற்குள் ஒரு ஜெபமாலையை முழுதாகச் சொல்லி முடித்துவிடலாம்.

அத்தகைய ஒரு நண்பகலில், நமது பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவருடைய அம்பாசடர் காரின் முன்னிருக்கையில் நாம் அமர்ந்திருந்தோம். அவர் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பின்னிருக்கையில் அவருடைய மனைவி கண்மூடிச் சாய்ந்திருந்தார். சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டமையால், வாரத்தில் இரண்டு நாள் மருத்துவமனைக்குச் சென்று டயாலிசிஸ் செய்துகொண்டு திரும்ப வேண்டிய நிலை அந்த அம்மாவுக்கு. நா வறண்டாலும் வேண்டிய மட்டும் தண்ணீர் அருந்த அவருக்கு அனுமதி இல்லை. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளந்துதான் குடிக்க வேண்டும். அப்படிப்பட்டவருக்கு அந்த வெயிலில் ஒன்றரை மணி நேரப் பயணம் எத்தகைய சிலுவை என்பதை அன்றுதான் நேரில் கண்டோம்.

“வண்டியில் ஏ.சி. இல்லையா?” என்று கேட்டோம்.

“இருக்கிறது சாமி. போன மாதம்தான் 1,200 ரூபாய் கொடுத்துப் புது கேஸ் அடித்தேன். 18 நாள் குளிர்ந்தது. பிறகு ஒரு நாள் கடகடவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. கம்ப்ரஸர் போய்விட்டது என்கிறார்கள்” என்றார் பெரியவர்.

அந்த 18 நாளின் கதையைத்தான் இங்கே சொல்லப் புகுகிறோம். அது ஒரு காரின் கதையாகத் தொடங்கி, நம் தலைக்கு மேலுள்ள வானத்தைத் தொடும் கதை. பழைய வண்டி வைத்திருப்போருக்கு அதில் பயனுண்டு. வண்டியே இல்லாதோருக்கும் சிந்திக்க இடமுண்டு.

குளிர் எவ்வாறு பிறக்கிறது?

நம் வீட்டு மண்பானையில் தண்ணீர் எப்படிக் குளிர்கிறது? பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை உள்ளிருக்கும் நீரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆகவே உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. ஒரு திரவம் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும் என்ற இந்த ஒரே நியதியின்மீதுதான் காரின் குளிர்சாதனமும் அமைந்திருக்கிறது.

பானையில் ஆவியான நீர் திரும்பி வருவதில்லை. காரிலோ அதே வாயு மூடிய குழாய்களுக்குள் மீண்டும் மீண்டும் சுற்றி வருகிறது. எஞ்சினோடு பெல்ட்டால் பிணைக்கப்பட்ட கம்ப்ரஸர் அதை அழுத்துகிறது. அழுத்தத்தால் சூடேறிய வாயு, ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டென்ஸரில் தன் வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டுத் திரவமாகிறது. பிறகு டிரையர் என்னும் சிறு குப்பியைக் கடந்து, ஊசித்துளை போன்ற ஒரு வால்வு வழியே, டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள கூலிங் காயிலில் பீறிட்டு ஆவியாகிறது. அங்கேதான் நமக்குக் குளிர்ந்த காற்று கிடைக்கிறது.

இவ்வளவிலும் கண்ணுக்குப் புலப்படாத துணை ஒன்று உண்டு. அதுதான் எண்ணெய். கம்ப்ரஸருக்கு வழவழப்பைத் தரும் எண்ணெய், வாயுவில் கரைந்து, அதனோடு சுற்றி, அதனோடு திரும்பி வர வேண்டும். வாயு வண்டி என்றால் எண்ணெய் அதில் ஏறிவரும் பயணி எனலாம். இந்தப் பயணியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

ஆர்-12 வந்த கதை

1920-களில் குளிர்சாதனப் பெட்டிகளில் அம்மோனியா, கந்தக டை ஆக்ஸைடு, மெத்தில் குளோரைடு முதலிய நச்சு வாயுக்கள் நிரப்பப்பட்டிருந்தன. அவை கசிந்து, உறங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் மடிந்ததும் உண்டு. இந்த ஆபத்தை நீக்கவே அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவரும் அவருடைய துணைவர்களும் 1928-ஆம் ஆண்டில் ஒரு புதிய வாயுவைத் தேடிக் கண்டடைந்தனர். 1930-இல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் கூட்டத்தில் மிட்ஜ்லி அந்த வாயுவைத் தம் மூச்சில் இழுத்து, ஒரு மெழுகுவர்த்தியின்மேல் ஊதி அதை அணைத்துக் காட்டினார். நஞ்சும் அன்று, தீப்பற்றுவதும் அன்று என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமோ! அதுவே ஃபிரியான் என்ற வணிகப் பெயரில் உலகெங்கும் பரவிய ஆர்-12. 1939-இல் பக்கார்டு என்னும் அமெரிக்க நிறுவனம் காரில் குளிர்சாதனம் பொருத்தி விற்கத் தொடங்கியபோதும் இதே வாயுதான் பயன்பட்டது. நம் நாட்டின் அம்பாசடர், காண்டெஸா, பிரீமியர் 118 என்.இ., தொடக்ககால மாருதிகள் ஆகியவற்றில் குளிர்ச்சி தந்ததும் இதுவே.

நல்லது செய்யவேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்த இந்த வாயுவில் ஒரு கேடு ஒளிந்திருந்ததை ஏறத்தாழ 40 ஆண்டுகள் எவரும் அறியவில்லை. ஆர்-12 எதனோடும் எளிதில் சேராது, மழையில் கரையாது, ஏறத்தாழ 100 ஆண்டுகள் அழியாது காற்றில் உலவும். அவ்வாறு உலவி, வானத்தில் உயர ஏறி, அங்கே கதிரவனின் கடுங்கதிர் பட்டு உடையும்போது அதிலுள்ள குளோரின் விடுபடுகிறது. அங்கேதான் ஓசோன் படலம் இருக்கிறது. கதிரவனின் புற ஊதாக் கதிர்களை வடிகட்டி, தோல் புற்றுநோயிலிருந்தும் கண்புரையிலிருந்தும் நம்மையும், கருகாமல் பயிர்களையும் காத்து நிற்கும் படலம் அது. அதிலுள்ள ஓசோன் முழுவதையும் கடல்மட்டத்து அழுத்தத்திற்குக் கொண்டுவந்தால் 3 மில்லிமீட்டர் கனமே தேறும். அத்துணை மெல்லிய அந்தப் போர்வையில், ஒரே ஒரு குளோரின் அணு ஓர் இலட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரை சிதைக்க வல்லது.

இதை மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்டு என்னும் இரு அறிஞர்கள் 1974-இல் எடுத்துரைத்தார்கள். ஆலை முதலாளிகள் பலர் நம்ப மறுத்தார்கள். 1985-இல் அண்டார்டிக்காவுக்கு மேலே ஓசோன் படலம் வசந்தகாலந்தோறும் பெருமளவில் மெலிந்துபோவதைப் பிரிட்டன் நாட்டு ஆய்வாளர்கள் கண்டு வெளியிட்டபின் மறுப்பதற்கு வழியில்லாமல் போயிற்று. 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியால் நகரில் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. மொலினாவுக்கும் ரோலண்டுக்கும் 1995-இல், பால் குருட்ஸனோடு சேர்த்து, நோபல் பரிசு கிடைத்தது.

இந்தியா 1992-இல் அந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. 2003 ஜனவரி முதல் புதிய குளிர்சாதனங்களில் இவ்வகை வாயுக்களைப் பயன்படுத்தத் தடை வந்தது. நம் தமிழகத்தின் மேட்டூர் உட்பட, நாட்டில் நான்கு நிறுவனங்கள் இவ்வாயுக்களை உற்பத்தி செய்துவந்தன. 2010 ஜனவரி முதல் நாள்வரை தவணை இருந்தும், 17 மாதம் முன்னதாகவே, 2008 ஆகஸ்டு முதல் நாளோடு, ஆஸ்துமா நோயாளிகளின் மருந்துக் குப்பிகளுக்கென விடப்பட்ட சிறு அளவு தவிர, இந்தியா இவற்றின் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. உறுதி சொன்ன நாளுக்கு முன்பே உறுதியை நிறைவேற்றுவது சிறிய காரியம் அன்று.

ஆனால் அரசாணை ஒன்று, அம்பாசடர் மற்றொன்று. 1993-இல் செய்யப்பட்ட வண்டிக்கு 2008-இல் நேர்ந்த மாற்றம் தெரியாது. 2009 கோடையில் நம் பெரியவர் பட்டறையின் வாசலில் நின்றபோது, “பழைய கேஸ் இப்போது வருவதில்லை, புதியது போட்டுவிடுகிறோம்” என்று அங்கே சொன்னார்கள். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. பழைய வாயுவைத் திறந்துவிட்டார்கள். அது சீறிக்கொண்டு காற்றில் கலந்தது. அதன் இடத்தில் ஆர்-134ஏ என்னும் புதிய வாயுவை நிரப்பினார்கள்.

எண்ணெயில் இருந்தது வினை

பெரியவருக்கு அறிமுகமான ஒருவர் வழியாக, பல்லாவரத்தில் சிறு பட்டறை வைத்திருந்த ஒரு பாயிடம் அந்த வண்டியைக் கொண்டு சென்றோம். பழைய வாயுவைக் கைவிடும் திட்டத்தின் கீழ் மெக்கானிக்குகளுக்கு அரசு அளித்த பயிற்சியைப் பெற்றவர் அவர். கம்ப்ரஸரைக் கழற்றிக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு எண்ணெய்கூட விழவில்லை. பிறகு கூலிங் காயிலைக் கழற்றினார். அதன் அடியில் எண்ணெய் தேங்கிக் கிடந்தது.

“பார்த்தீர்களா ஃபாதர்? எண்ணெய் எங்கும் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பி வர வழி தெரியாமல் இங்கேயே தங்கிவிட்டது” என்றார்.

அவர் விளக்கியது இதுதான். ஆர்-12 பழைய மினரல் எண்ணெயில் நன்றாகக் கரையும். ஆர்-134ஏ அதில் கரையாது. இரண்டும் ஏறத்தாழ ஒரே குளிர்நிலையில் கொதிப்பவை; முன்னது பூஜ்யத்துக்குக் கீழே 30 பாகையிலும், பின்னது 26 பாகையிலும் ஆவியாகும். ஆகவே ஒன்றின் இடத்தில் மற்றொன்றை ஊற்றினால் முதல் நாள் குளிரத்தான் செய்யும். பார்ப்பவர், வேலை முடிந்தது என்று மகிழ்ந்து பணம் கொடுத்துப் போவார். உள்ளேயோ எண்ணெய் சிறிது சிறிதாகக் கூலிங் காயிலில் படிந்து நின்றுவிடும். கம்ப்ரஸர் வறண்டு, உலோகத்தோடு உலோகம் உரசி, இறுதியில் இறுகிப்போகும்.

புதிய மதுவைப் பழைய தோற்பையில் ஊற்றினால் மதுவும் பாழ், பையும் பாழ் என்ற உவமையை நாம் எத்தனை முறை பீடத்தில் வாசித்திருக்கிறோம்! பல்லாவரத்துப் பட்டறையில், கிரீஸ் படிந்த மேசையின்மேல் அதன் பொருளைக் கண்ணால் கண்டோம்.

இதற்கிடையில் வேறொருவர் பெரியவருக்கு மலிவான ஒரு வழியும் சொல்லியிருந்தார்: “சமையல் கேஸை அடித்துவிடுங்கள், பழைய எண்ணெயிலேயே ஓடும், குளிரும் நன்றாக வரும்.” அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் அதிலுள்ள ஆபத்து. அந்த வாயு பழைய எண்ணெயில் கரையும், குளிரும் தரும். இன்றைய வீட்டுக் குளிர்பெட்டிகளில்கூட ஐஸோபியூட்டேன் என்னும் எரியும் வாயு இருக்கிறது. ஆனால் அங்கே சில பத்துக் கிராம் அளவே. அதுவும் பற்றவைத்து மூடி முத்திரையிட்ட குழாய்களுக்குள், அதற்கென்றே வடிவமைத்த பெட்டியில். காரிலோ நூற்றுக்கணக்கான கிராம் வேண்டும். கூலிங் காயில் இருப்பது பயணிகளின் கால்மாட்டில். எஞ்சின் அதிர்வால் குழாய்கள் தளர்வது அன்றாட நிகழ்ச்சி. கண்ணாடிகளை ஏற்றி மூடிய காருக்குள் அது கசிந்தால், ஒரு சுவிட்சின் பொறி போதும். சமையல் உருளையை வேறு காரியங்களுக்குப் பயன்படுத்துவது சட்டப்படியும் குற்றமாகும். “நோயாளியை ஏற்றிப் போகிற வண்டி ஐயா, வேண்டாம்” என்று பாய் ஒரே சொல்லில் மறுத்துவிட்டார்.

முறையாகச் செய்வது எப்படி?

அவர் செய்த வேலை இரண்டு நாள் பிடித்தது. அதை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலாவது, உள்ளிருக்கும் வாயுவைக் காற்றில் விடாமல், ஒரு மீட்புக் கருவியால் உறிஞ்சி உருளையில் அடைத்தார். அது எந்த வாயு என்று உறுதியாகத் தெரியாதபோது, நல்ல வாயு உள்ள உருளையில் அதைச் சேர்க்கக் கூடாது. கலந்துவிட்ட வாயு மீண்டும் பயன்படாது.

இரண்டாவது, பழைய எண்ணெயை நீக்கினார். கூலிங் காயில், கண்டென்ஸர், குழாய்கள் ஆகியவற்றைக் கழுவி, நைட்ரஜன் வாயுவால் ஊதி உலர்த்தினார். இறுகிய கம்ப்ரஸருக்குப் பதில் வேறொன்று வேண்டியிருந்தது. புதுப்பேட்டையில் தேடி, கையால் சுற்றிப் பார்த்து, நல்ல நிலையில் ஒன்றை வாங்கி வந்தார்கள். அதில் எஸ்டர் வகை எண்ணெயை அளந்து ஊற்றினார். புதிய வாயுவுக்கு பி.ஏ.ஜி. என்னும் எண்ணெயும் உண்டு. ஆயினும் எவ்வளவு கழுவினாலும் சிறிது தங்கிவிடும் பழைய எண்ணெயையும் குளோரின் எச்சத்தையும் எஸ்டர் எண்ணெய் பொறுத்துக்கொள்ளும் என்பதால் மாற்று வேலைக்கு அதுவே உகந்தது. இவ்வெண்ணெய்கள் காற்றின் ஈரத்தை விரைந்து உறிஞ்சுபவை. கடலை அடுத்த நம் சென்னையில் குப்பியின் மூடியைத் திறந்து வைத்தால் எண்ணெய் கெட்டுவிடும். உள்ளே சென்ற ஈரம் அமிலமாகி உலோகத்தை அரிக்கும்.

மூன்றாவது, டிரையரை மாற்றினார். அதற்குள் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் உள்ளன. பழைய வகை மணிகள் புதிய வாயுவுக்கு ஒத்துவராமல் சிதையக்கூடும். எக்ஸ்ஹெச்-7 அல்லது எக்ஸ்ஹெச்-9 என்ற வகை மணிகள் உள்ள டிரையரே வேண்டும்.

நான்காவது, கழற்றிய ஒவ்வொரு இணைப்பிலும் பழைய ரப்பர் வளையங்களை எறிந்துவிட்டு, புதிய வாயுவுக்குரிய ஓ-ரிங்குகளைப் போட்டார். ஆர்-134ஏ மூலக்கூறு சிறியது. பழைய ரப்பர் வழியே எளிதில் நழுவிவிடும். வெடித்திருந்த இரண்டு ஹோஸ்களை நீக்கி, உட்புறம் நைலான் படலம் கொண்டவற்றைப் பொருத்தினார்.

ஐந்தாவது, கண்டென்ஸரைக் கவனித்தார். 60 பாகை வெப்பத்தில் ஆர்-12 ஏறத்தாழ 15 வளிமண்டல அழுத்தத்தில் திரவமாகும். ஆர்-134ஏ-க்கோ ஏறத்தாழ 17 வேண்டும். ஓடும் வண்டியில் காற்று வீசுவதால் இவ்வேறுபாடு பெரிதாகத் தெரியாது. ஆனால் கத்திரி வெயிலில் பெருங்களத்தூர் நெரிசலில் நிற்கும் வண்டிக்கு அதுவே உயிர்ப் பிரச்சினை. 2003 மே 31-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 பாகை வெப்பம் பதிவானதை மறந்துவிட முடியுமா? ஆகவே கண்டென்ஸருக்கு முன்னே ஒரு மின்விசிறியையும், அழுத்தம் எல்லை மீறினால் கம்ப்ரஸரை நிறுத்தும் சுவிட்சையும் பொருத்தினார்.

ஆறாவது, வாக்குவம் பம்பை முக்கால் மணி நேரம் ஓட்டி, உள்ளிருந்த காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றினார். பம்பை நிறுத்திவிட்டு, கேஜின் முள் அசைகிறதா என்று அரை மணி நேரம் காத்திருந்தார். அசைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்பது பொருள். இந்த அரை மணி நேரப் பொறுமையைத்தான் பல பட்டறைகளில் காண முடிவதில்லை.

இறுதியாக, வாயுவைத் தராசில் நிறுத்து நிரப்பினார். பழைய வாயுவுக்குக் கண்ணாடித் துளையில் குமிழி மறையும்வரை நிரப்புவது வழக்கம். புதிய வாயுவுக்கு அந்த அடையாளத்தை நம்பினால் அளவு மிஞ்சிவிடும். பழைய அளவில் நூற்றுக்கு 80 முதல் 90 பங்கே போதுமானது. பிறகு, “ஆர்-134ஏ, எஸ்டர் எண்ணெய், இன்ன தேதி, இவ்வளவு கிராம்” என்று எழுதிய ஒரு சீட்டைப் பானெட்டின் உட்புறம் ஒட்டினார். இனி எந்த மெக்கானிக் கைவைத்தாலும் தடுமாற வேண்டியதில்லை அன்றோ.

செலவு முதற்பட்டறையில் கொடுத்ததைப் போலப் பல மடங்கு ஆயிற்று. அதில் பெரும்பகுதி கம்ப்ரஸருக்குப் போனது. முதலிலேயே முறையாகச் செய்திருந்தால் அந்தக் கம்ப்ரஸர் பிழைத்திருக்கும்.

வண்டி வைத்திருப்போருக்குச் சில சொற்கள்

பழைய வண்டியைத் தந்தையின் நினைவாகவோ தேவைக்காகவோ காத்துவரும் குடும்பங்கள் நம் பங்குகளில் இன்றும் உண்டு. வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு கார்களைக்கூடத் துடைத்துத் துடைத்து வைத்திருப்போர் இருக்கிறார்கள். அவர்கள் பட்டறைக்குச் செல்லும்போது நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். பழைய வாயுவை எதில் பிடிக்கப் போகிறீர்கள்? எந்த எண்ணெய் ஊற்றுவீர்கள்? டிரையரையும் ஓ-ரிங்குகளையும் மாற்றுவீர்களா? வாக்குவம் எவ்வளவு நேரம்? நான்குக்கும் நிதானமாக விடை சொல்லும் பட்டறையில் வண்டியை விடலாம். “அதெல்லாம் வேண்டாம், கேஸ் அடித்தால் போதும்” என்று சொன்னால், வணங்கி விடைபெற்றுக்கொள்வதே நலம்.

ஆண்டுதோறும் கோடையில் வாயு குறைகிறது, ஆண்டுதோறும் நிரப்புகிறோம் என்று சிலர் சொல்வதுண்டு. வாயு பெட்ரோலைப் போலச் செலவாகும் பொருள் அன்று. குறைகிறது என்றால் கசிகிறது என்றே பொருள். கசிவை அடைக்காமல் வாயுவை நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும்.

பட்டறைகளில் பணிபுரியும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். பீறிடும் திரவம் கண்ணில் பட்டால் நொடியில் உறைந்து பார்வையைப் பறிக்கும். கண்ணாடியும் கையுறையும் அணியுங்கள். இவ்வாயுக்கள் நெருப்பில் பட்டால் நச்சுப்புகை எழும். அருகே வெல்டிங் வைக்காதீர்கள். கசிவைச் சோதிக்க நைட்ரஜனைப் பயன்படுத்துங்கள். ஆக்ஸிஜனை ஒருபோதும் ஏற்றாதீர்கள், எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும்.

இன்னும் முடியாத பயணம்

ஆர்-134ஏ ஓசோன் படலத்தைத் தொடுவதில்லை. அதில் குளோரின் இல்லை. ஆயினும் அதற்கும் ஒரு குறை உண்டு. காற்றில் கலந்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைக் காட்டிலும் ஏறத்தாழ 1,400 மடங்கு பூமியைச் சூடாக்கும். ஆர்-12-க்கு இது பத்தாயிரம் மடங்குக்கும் மேல் என்பதால் முன்னேற்றம் பெரிதுதான், பயணம் முடிந்துவிடவில்லை. 2016-இல் கிகாலி நகரில் செய்துகொண்ட திருத்தத்தின்படி இவ்வகை வாயுக்களையும் படிப்படியாகக் குறைக்க நாடுகள் இசைந்தன. இந்தியா 2021-இல் அதை ஏற்று, 2032 முதல் குறைக்கத் தொடங்கி, 2047-க்குள் நூற்றுக்கு 85 பங்கு குறைப்பதாக உறுதி கூறியிருக்கிறது. ஐரோப்பாவில் 2017 முதல் புதிய கார்களில் ஆர்-134ஏ இல்லை. பெரும்பாலும் ஆர்-1234ஒய்எஃப் என்னும் வாயு வந்திருக்கிறது. அது சிறிது தீப்பற்றக்கூடியது. அதற்கென வடிவமைத்த வண்டிகளுக்கே உரியது. பழைய வண்டியில் அதை ஊற்ற முனைவது, நம் பெரியவருக்கு நேர்ந்த பிழையை மீண்டும் செய்வதாகும்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில் இவ்விரண்டையும் குறிப்பிட்டிருப்பதைக் காண்கிறோம். குளிர்சாதனங்களின் பெருக்கத்தை, தீமை விளைவிக்கும் நுகர்வுப் பழக்கத்திற்கு ஓர் எடுத்துக்காட்டாக 55-ஆம் எண்ணில் சுட்டுகிறார். ஓசோன் படலத்தைக் காக்கச் செய்துகொண்ட உடன்படிக்கைகளை, நாடுகள் கூடிச் சாதித்த நற்செயலாக 168-ஆம் எண்ணில் பாராட்டுகிறார். அந்தப் பாராட்டு வீணன்று. இப்போதுள்ள கட்டுப்பாடுகள் நீடித்தால், உலகின் பெரும்பகுதியில் 2040-ஆம் ஆண்டளவிலும், அண்டார்டிக்காவில் 2066-ஆம் ஆண்டளவிலும் ஓசோன் படலம் 1980-இல் இருந்த நிலையை அடையும் என்று ஐ.நா. சார்பில் ஆராய்ந்த அறிஞர்கள் 2023-இல் அறிவித்திருக்கிறார்கள். மனிதர் கெடுத்ததை மனிதரே கூடித் திருத்த முடியும் என்பதற்கு இதைவிட ஆறுதலான செய்தி நம் காலத்தில் அரிது.

அந்தப் பெரியவருடைய கதையின் முடிவைச் சொல்லி நிறுத்துகிறோம். முறையாக மாற்றியபின் அந்தக் குளிர்சாதனம் பழுதின்றி ஓடியது. அம்மா அதன்பின் இரண்டு கோடைகள் வாழ்ந்தார். திரும்பி வரும் வழியில் பின்னிருக்கையில் அவர் உறங்கிவிடுவார் என்றும், குரோம்பேட்டையில் கண்மூடினால் வீட்டு வாசலில்தான் விழிப்பார் என்றும் பெரியவர் நம்மிடம் சொன்னதுண்டு. 2014-இல் வண்டியைப் புதுப்பேட்டைக்கு விற்கத் தீர்மானித்தார். விற்பதற்கு முதல்நாள் அதைப் பல்லாவரத்துக்கு ஓட்டிச் சென்று, கூலி கொடுத்து, உள்ளிருந்த வாயுவை உருளையில் இறக்கச் சொன்னார்.

“உடைக்கப் போகிற வண்டிக்குக் காசு செலவழிக்கிறாரே” என்று பட்டறையில் நின்ற ஒருவர் சிரித்தாராம். அதை நம்மிடம் சொன்னபோது பெரியவர் சிரிக்கவில்லை.

“முதல் தடவை என் கண் முன்னேதான் அது சீறிக்கொண்டு போனது சாமி. அப்போது எனக்குத் தெரியாது. இப்போது தெரியுமே” என்றார்.

அறியாமல் செய்ததற்கு மன்னிப்பு உண்டு. அறிந்தபின் செய்வதற்குக் கணக்கு உண்டு. இந்தக் கோடையில் நம் வீட்டு வாசலில் ஒரு மெக்கானிக் வாயுவைத் திறந்துவிடக் கையை நீட்டும்போது, “சற்றுப் பொறு தம்பி, உருளை கொண்டுவந்திருக்கிறாயா?” என்று கேட்போமாக.